ஒரு நோய், பல மனிதர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நடைபெறவிருக்கும் இம்மேடையில் நோயைப்பற்றிப் பேச என்னை ஏற்றியிருக்கிறார் நம் செயலாளர். "பாட்டுக் கச்சேரி தொடங்குமுன் அரைமணி நேரம் தருகிறேன், அதற்குமேல் ஒரு நிமிடமும் கேட்கக்கூடாது" என்பது அவர் இட்ட கட்டளை. அக்கட்டளைக்கு அடங்கி, நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவரையேனும் பிடித்திருக்கும் நீரிழிவைப்பற்றி, அதிலும் ஒரே ஒரு கூற்றைப்பற்றி மட்டும் சொல்லி அமர்கிறேன்.

நீரிழிவு என்றால் என்ன என்பதை இங்குள்ளோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. இனிப்பைக் குறைக்கவேண்டும், நடக்கவேண்டும், மாத்திரை உண்ணவேண்டும் என்பன சிறுவர்க்கும் தெரிந்தவை. ஆனால் மாலையில் பூங்காவில் நடக்கும்போது என் காதில் விழும் பேச்சு வேறு. "உமக்கு எந்த மாத்திரை எழுதினார்? எனக்கும் அதையே வாங்கிப் பார்க்கிறேன்" என்கிறார் ஒருவர். "அவருக்கு நூற்றிருபதுதான் இருக்கிறதாம், எனக்கு மட்டும் ஏன் நூற்றைம்பது?" என்று கலங்குகிறார் மற்றொருவர். ஒரு வீட்டில் கணவர்க்கு எழுதிய சீட்டைக்கொண்டு மனைவிக்கும் மருந்து வாங்குகிறார்கள். நோய் ஒன்றாயிருக்க மருந்தும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும் என்ற எண்ணமே இதற்கெல்லாம் அடிப்படை. அவ்வெண்ணம் தவறு என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

இது புதிய கருத்தன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப் பகுதியைப் படித்தோர்க்கு நினைவிருக்கும். மருத்துவம் செய்பவன் நோயுற்றவனின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிப் பார்த்துச் செயல்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். மூன்றனுள் நோயுற்றவனையே அவர் முதலில் வைத்தார் என்பதை நோக்குங்கள். அடுத்த குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என நான்கு பகுதிகளையும் வகுத்துக் காட்டினார். இன்றைய மருத்துவ நூல்கள் நோயாளிக்கேற்ற சிகிச்சை என்று பேசுவதும் இதனையேதான்.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். 1922ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கனடா நாட்டு டொரொண்டோ நகரில், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்னர் அத்தகைய சிறுவர்க்கு ஒரே முடிவுதான் இருந்தது. பாண்டிங், பெஸ்டு, மக்லியாடு, காலிப் ஆகியோரின் உழைப்பால் அந்த முடிவு மாறியது. ஆனால் சிறுவனுக்கு வந்த நோயும் ஐம்பது வயதுத் தந்தைக்கு வரும் நோயும் ஒன்றல்ல என்பது நாளடைவில் தெளிவாயிற்று. சிறுவனின் உடல் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. அவனுக்கு ஊசியே உயிர். தந்தையின் உடலிலோ இன்சுலின் சுரந்தும் போதிய அளவு வேலை செய்வதில்லை. அவருக்கு உணவும் நடையும் மாத்திரையும் பெரும்பாலும் பல்லாண்டுகளுக்குப் போதும். இவற்றை முதல் வகை, இரண்டாம் வகை என்கிறோம். கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவு இன்னொரு வகை.

அதனோடும் முடியவில்லை. கேரள நாட்டில் கணையத்தில் கற்கள் தோன்றி, அதனால் நீரிழிவு உண்டாகும் நோயாளிகள் பலரை மருத்துவர் கீவர்கீசு ஆராய்ந்து எழுதினார். அவர்களுள் பலர் மெலிந்த உடலினர், வயிற்றுவலியோடு வருவோர். பிறந்து ஆறு திங்களுக்குள் நீரிழிவு காணும் குழந்தைகளுள் சிலர்க்கு ஒரு மரபணுவின் பிழையே காரணம் என்று அறிந்தபின், ஊசியிலேயே வாழ்ந்துவந்த அவர்களுள் பெரும்பாலோரை மாத்திரைக்கு மாற்ற முடியும் என 2006இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நாள்தோறும் குத்திக்கொண்டிருந்த குழந்தைக்கு ஒரு மாத்திரை போதும் என்றால், அத்தாய்க்கு அது எத்தகைய செய்தி என்று எண்ணிப் பாருங்கள்! நோயின் பெயரை மட்டும் பார்த்து மருந்து கொடுத்திருந்தால் அந்த விடுதலை கிட்டியிராது.

இனி, நம்மவர் உடலின் இயல்பு ஒன்று. மேனாட்டார் பருத்தபின்பே பெறும் இந்நோயை நாம் மெலிந்திருக்கும்போதே பெறுகிறோம். கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்னே வருவது நம் வழக்கம். ஆகவேதான் ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டர், பெண்டிர்க்கு 80 என்று மேனாட்டாரினும் குறைந்த எல்லையை நமக்கு வகுத்திருக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான கணக்கின்படி, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டோர். இத்தனை பேருக்கும் ஒரே சீட்டு எழுதுவதாயின் மருத்துவர் எதற்கு? அச்சு இயந்திரமே போதும்.

நம் உணவுக்கேற்ற சிகிச்சை வேண்டும் என்று முதலில் உணர்ந்தோருள் ஒருவர் நம் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் எம். விசுவநாதன் அவர்கள். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் அவர். மேனாட்டு நூல்கள் தானியத்தை வெட்டிக் கொழுப்பைக் கூட்டச் சொன்ன காலம் அது. தானியமும் காயும் பருப்பும் உண்டு பழகிய நம் மக்களுக்கு நார்ச்சத்து மிக்க தானிய உணவே பொருந்தும் என்று அவர் வற்புறுத்தினார்.

அடுத்து, நோயாளியின் அளவு. இங்கே என் தவறு ஒன்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்தம் குடும்பத்தாரின் இசைவுடனேயே இதனைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்குமுன் இந்நகரில் ஓர் அம்மையார் என்னிடம் சிகிச்சை பெற்றுவந்தார். வயது 72. மெலிந்த உடல், ஒருவேளைதான் வயிறார உண்பார். எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடமாட்டார். அவருடைய மூன்று திங்கள் சராசரிக் கணக்கு 6.2 என்று வந்தது. "நம் குடியிருப்பிலேயே உங்கள் கணக்குத்தான் முதல்!" என்று புகழ்ந்து அனுப்பினேன். அவர் மகனுக்கு நான் வைத்திருந்த அதே இலக்கையே அவருக்கும் வைத்திருந்தேன். அதை அவர் எட்டிவிட்டதில் எனக்குப் பெருமைகூட.

ஏகாதசி வந்தது. அம்மையார் உண்ணவில்லை, ஆனால் மாத்திரையை உண்டார். டாக்டர் சொன்னதை மீறலாகாது என்பது அவர் எண்ணம். மகன் இரவுப் பணிக்குச் சென்றிருந்தார். விடியுமுன் ஏதோ விழும் ஓசை கேட்டு மருமகள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வேர்த்து நனைந்து, நினைவின்றிக் கிடந்தார். மருத்துவமனையில் அளந்தபோது சர்க்கரை 38. குளுக்கோசு ஏற்றியதும் கண் விழித்துவிட்டார். ஆனால் விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதன்பின் அவர் கைத்தடியின்றி நடக்கவே இல்லை.

நான் போய் நின்றபோது அவர் சினக்கவில்லை. "நீங்கள்தானே டாக்டர், நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. கணக்கைப் பார்த்தேனே தவிர, கணக்கிற்குரியவரைப் பார்க்கவில்லை. எத்தனை வேளை உண்கிறார், விரதம் இருக்கிறாரா, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, இரவில் உடன் யார் இருக்கிறார்கள் என்று ஒன்றையும் நான் கேட்டிருக்கவில்லை.

சர்க்கரையை எவ்வளவு தாழ்த்தினாலும் நன்மையே என்றுதான் அக்காலத்தில் எங்களுள் பலர் எண்ணியிருந்தோம். அதற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி நடந்து, 1998இல் முடிவு வெளியான பேராராய்ச்சியில், நோய் புதிதாகக் கண்டவர்களின் சராசரியை 7.9இல் விடாமல் 7.0இல் வைத்தபோது, கண், சிறுநீரகம் முதலியவற்றில் நேரும் கேடு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து இன்னோர் ஆராய்ச்சி நடந்தது. அவர்கள் பல்லாண்டு நோயுடையவர்கள், இதயநோய்க்கும் ஆளாகக்கூடியவர்கள். ஒரு பாதியினர்க்குச் சராசரியை 6க்குக் கீழே கொணர முயன்றார்கள். 2008இல் அம்முயற்சியை இடையிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. கடுமையாகத் தாழ்த்தப்பட்ட பிரிவில் 257 பேரும், மற்றப் பிரிவில் 203 பேரும் இறந்திருந்தனர்.

இரண்டு ஆராய்ச்சிகளும் உண்மையே. ஆள் மாறியதால் முடிவு மாறியது. நாற்பது வயதில் புதிதாக நோய் கண்டவர், தாழ்ச்சி நேராத வகையில், 7க்குக் கீழே வைத்துக்கொள்வது நலம். அவர் இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழவேண்டியவர். தளர்ந்த முதியவர்க்கு 8 அளவில் இருந்தாலும் போதும். அவரை இன்று இரவு விழாமல் காப்பதே முதற்கடமை. ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மகிழவும் வேண்டா, வருந்தவும் வேண்டா.

அந்த எண்ணும் எல்லோர்க்கும் ஒன்றுபோல் உண்மை சொல்வதில்லை. மூன்று திங்கள் சராசரிச் சோதனை என்பது இரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உடையவர்க்கு அது உள்ளதைவிட மிகுத்துக் காட்டக்கூடும். அண்மையில் குருதி இழந்தவர்க்குக் குறைத்துக் காட்டக்கூடும். நம் பெண்டிருள் இரத்தசோகை உடையோர் எத்தனை பேர் என்பதை நான் சொல்லவேண்டுமா? சராசரியும் விரல் நுனிச் சோதனையும் முரண்பட்டால், மருந்தைக் கூட்டுமுன் அதன் காரணத்தைக் கேளுங்கள்.

மருந்துகளுக்கும் இதுவே நியாயம். மெட்ஃபார்மின் பழைய மருந்து, மலிவானது, பெரும்பாலோர்க்கு முதல் மருந்து. தனியே உண்டால் சர்க்கரையை அபாயமாகத் தாழ்த்துவது அரிது. ஆனால் சிறுநீரகம் மிகத் தளர்ந்தவர்க்கு ஆகாது. பல்லாண்டு உண்போர்க்கு வைட்டமின் பி12 குறையலாம். புலால் உண்ணாதோர் இதனைச் சோதித்துக்கொள்வது நல்லது. இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்றவை விரைந்து வேலை செய்யும். உணவு தவறினால் தாழ்த்தி வீழ்த்தும். என் அம்மையார் உண்டதும் அவ்வினத்ததே. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மாத்திரைகள் இதயத் தளர்ச்சி உடையோர்க்கும் சிறுநீரக நோயினர்க்கும் பெருநன்மை செய்கின்றன. எனினும் நீரருந்தாமல் பட்டினி கிடக்கும்போதும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னரும் அவற்றை நிறுத்திவைக்க வேண்டும். பையோகிளிட்டசோன் என்பதோ இதயத் தளர்ச்சி உடையவர்க்கு ஆகாது. ஒருவர்க்கு உயிர் காப்பது மற்றவர்க்கு ஊறு செய்வது எவ்வாறு என்பது இப்பொழுது விளங்கும். விலையும் ஓர் அளவுகோலே. மாதக் கடைசியில் வாங்க முடியாமல் நின்றுபோகும் உயர்ந்த மருந்தைவிட, நாள்தோறும் உண்ணமுடிந்த எளிய மருந்து மேலானது. கைக்கு எட்டாத விலையென்றால் மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள்.

உணவைப்பற்றியும் ஒரு சொல். வடக்கே வந்தபின் நம்மவர் பலர் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி, நோய் நீங்கிவிட்டதாக எண்ணி ஆறு சப்பாத்தி உண்கின்றனர். அரிசி, கோதுமை இரண்டிலும் பெரும்பங்கு மாவுச்சத்தே, அளவே முக்கியம். 2015இல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார் நீரிழிவில்லாத 800 பேருக்கு அளவி பொருத்தி, ஒருவாரம் கண்காணித்தனர். ஒரே உணவு ஒருவர்க்கு மிகுதியாகவும் மற்றவர்க்குச் சிறிதாகவும் சர்க்கரையை ஏற்றியது. ஆகவே இட்டிலி நல்லதா, தோசை நல்லதா என்று என்னைக் கேட்பதைவிட, உண்ணுமுன் ஒருமுறையும் இரண்டு மணி கழித்து ஒருமுறையும் அளந்து உங்கள் உடலையே கேட்பது மேல். காயும் பருப்பும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர்ச் சிறிதளவு உண்டால் ஏற்றம் குறைகிறது என்பதையும் பலர் தாமே அளந்து கண்டிருக்கின்றனர்.

மூன்றாவதாக, காலம். வள்ளுவர் சொன்ன காலம் நமக்கு இங்கே எத்தனை வடிவில் வருகிறது! ஆலையில் இரவுப் பணி செய்பவர் காலை ஏழு மணிக்கு வந்து படுத்து, பிற்பகல் எழுந்து உண்கிறார். அவருக்குக் "காலை உணவுக்குமுன் ஒன்று" என்று எழுதிக்கொடுத்தால் என்ன பொருள்? பணிமுறை மாறுந்தோறும் மருந்து வேளையும் மாறவேண்டும். எந்தப் பணிமுறை என்று மருத்துவர்க்குச் சொல்லவேண்டியது உங்கள் கடமை. கோடையில் இங்கே வெப்பம் 40 பாகையைத் தாண்டுகிறது; குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமணல் இட்ட மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம். ஊருக்குப் போகும் இரண்டு நாள் இரயில் பயணத்தில் அதைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் கைப்பையில் வையுங்கள். பனிக்கட்டியின் மேலும் நேராக வைக்கவேண்டா, உறைந்த இன்சுலின் பயனற்றது. குளிர்காலத்தில் கால் மரத்தவர்கள் வெந்நீர்ப் பையையும் கணப்பையும் காலருகே கொணராதீர்கள். சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். நோன்பும் விரதமும் இருப்போர் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. முன்கூட்டியே சொன்னால் அன்றைய மருந்தை மாற்றிக் கொடுக்கலாம். சிலர்க்குமட்டும் பாலும் பழமும் உண்ணும் விரதமே போதும் என்று வேண்டிக்கொள்வோம்.

ஆளுக்கு ஆள் மாறும் என்றதும் அவரவர் விருப்பம்போல் நடக்கலாம் என்று கொண்டுவிடாதீர்கள். மாறாதன சில உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்புறச் சோதனை, சிறுநீரில் புரதச் சோதனை, நாள்தோறும் பாதங்களைப் பார்த்தல், இரத்த அழுத்தத்தை அடக்கிவைத்தல், புகையிலையை அறவே விடுதல், ஆகிய இவை எல்லோர்க்கும் பொது. இன்சுலின் ஊசி எடுப்போரும், தூண்டும் மாத்திரை உண்போரும் ஒரு பொட்டலம் சர்க்கரையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி ஆகியன தோன்றினால் அளந்து பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால்மணி கழித்து மீண்டும் பாருங்கள். அளவி கையில் இல்லையென்றால் காத்திராமல் குடித்துவிடுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி உயிர்க்கே கேடாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

என் அம்மையாரின் கதையை முடித்துவிடுகிறேன். மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அரைமணி நேரம் பேசினோம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில், எப்போது எழுகிறார், என்ன உண்கிறார், எந்தத் திதியில் விரதம் என்பதை மருமகள் எழுதினார். அதைப் பார்த்துத் தூண்டும் மாத்திரையை நிறுத்தி, அவர் சிறுநீரகத்துக்கு ஏற்ற வேறொன்றைச் சிற்றளவில் கொடுத்தேன். கணக்கு 7.8க்கு ஏறியது. "முன்னைவிடக் கூடிவிட்டதே டாக்டர்?" என்றார். "இதுதான் அம்மா உங்களுக்கு உரிய கணக்கு" என்றேன். அதன்பின் ஆறாண்டு வாழ்ந்தார். ஒருமுறைகூடச் சர்க்கரை தாழ்ந்து விழவில்லை. அந்நோட்டுப் புத்தகத்தை மருமகள் எனக்கே தந்துவிட்டார். இன்னும் என் மேசையில் இருக்கிறது. புதிய நோயாளி வரும்போது, சோதனைச் சீட்டைப் பிரிக்குமுன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

நீங்களும் அத்தகைய நோட்டு ஒன்று வைத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள். மருத்துவரிடம் செல்லும்போது சோதனைச் சீட்டோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அருகிலிருந்து உதவும் மகளிரும் மைந்தரும் உடன் செல்லுங்கள். வள்ளுவர் வகுத்த நான்கு பகுதிகளுள் மருத்துவன் ஒரு பகுதியே. மற்ற மூன்றும் சேர்ந்தால்தான் அவனும் பயன்படுவான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாடகரும் சுருதி கூட்டுகிறார்.